சொல்லியாச்சு

ரோட்டுக்கு முதுகைக் காட்டி, ஜனத்துக்கு முகத்தைக் காட்டி நிற்க வேண்டும். பந்தோபஸ்து என்றால் அவ்வளவுதான். மந்திரி வருவார், போவார், நான் பார்க்க மாட்டேன், அவரைப் பார்க்க வந்தவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இன்றைக்கு அப்படி யாரும் வரவும் இல்லை. எதிரே பெட்ரோல் பங்க், அதை ஒட்டி ஒரு கரும்புச்சாறு வண்டி, கட்சிக்காரர்கள் கட்டிய பேனரின் நிழலில் இரண்டு ஆடு. நிழல் எங்கே இருக்கிறது என்று ஆட்டுக்குத் தெரிகிறது, இந்த ஏட்டம்மா முத்துப்பேச்சிக்குத் தெரியவில்லை. வெயில் தொப்பிக்குள் புகுந்து மண்டையைப் பொரிக்கிறது. பொரிக்கட்டும், இந்த மண்டைக்கு இது போதாது. பேன்ட் பையில் போன் இருக்கிறது. சத்தத்தை அடைத்து வைத்திருக்கிறேன். அது தொடையில் துடிக்கிறதா என்று காதை அங்கேயே வைத்துக்கொண்டு நிற்கிறேன், தொடைக்குக் காது உண்டா, இன்றைக்கு உண்டு. ஒரு தடவை துடித்து நின்றால் போதும். அது ஜெசிந்தா விடுகிற மிஸ்டு கால். காலையில் மனுக் கொடுத்துவிட்டுப் போன செண்பகவல்லி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புருஷன் வீட்டை விட்டு வெளியே வந்துவிட்டாள் என்று அர்த்தம். அது வந்த பிறகுதான் நான் அவள் புருஷனுக்குப் போன் போட்டு, உன் மேல் மனு வந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். அதுதான் எங்களுக்குள் பேச்சு. மிஸ்டு கால் இன்னும் வரவில்லை. நான் போன் போட்டுவிட்டேன்.

போட்டுவிட்டேன், போட்டுவிட்டேன் என்று எத்தனை முறை சொன்னாலும் அது போடாமல் ஆகப்போவதில்லை. ஜெசிந்தாவுக்கு இது தெரியாது. அவள் போலீஸ் இல்லை, வீட்டில் அடிபடுகிற பெண்களுக்கு அரசாங்கம் வைத்திருக்கிற சேவை மையத்தில் இருக்கிறாள். முதன்முதலில் தோளில் சணல் பையும் கையில் தண்ணீர் பாட்டிலுமாக எங்கள் மகளிர் ஸ்டேஷன் படியேறி வந்தபோது, வந்துட்டாடி நமக்குப் பாடம் எடுக்க என்று மற்றவர்களிடம் முணுமுணுத்தது நான்தான். எங்களுக்கு என்ன தெரியாது? புருஷனையும் பொண்டாட்டியையும் ஒரே பெஞ்சில் உட்கார வைப்போம், அவனை நாலு சத்தம் போடுவோம், அவளுக்கு நாலு புத்தி சொல்வோம், இனிமேல் அடிக்க மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு ஒரே பைக்கில் ஏற்றி அனுப்புவோம். குடும்பத்தைச் சேர்த்து வைத்த புண்ணியம் வேறு. அவள் வந்ததும் கை வைத்தது அந்தப் பெஞ்சில்தான். "அக்கா, அவன் தொடையோட தொட இடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கான். அவ எப்படிக்கா வாயத் தொறப்பா?" எனக்கு எரிச்சலாக வந்தது. சரியாகச் சொல்கிறவர்கள் மேல் வருகிற எரிச்சல் அது. பிறகு பழகிவிட்டது. சிஸ்டர் என்று கூப்பிடுவேன். "நான் என்ன கன்னியாஸ்திரியா? ரெண்டு பிள்ள பெத்தவக்கா நான்" என்பாள். அப்படிச் சொல்ல வைக்கத்தான் கூப்பிடுவேன். அவளிடம் காக்கிச் சட்டை இல்லை, என்னிடம் பொறுமை இல்லை. அவள் உட்கார்ந்து கேட்பாள், நான் போய்க் கதவைத் தட்டுவேன், இப்படியாக வண்டி ஓடிக்கொண்டிருந்தது. இந்த மிஸ்டு கால் ஏற்பாடும் அவள் கேட்டதுதான். மனு கைக்கு வந்த உடனே எதிர்பார்ட்டிக்குப் போன் போட்டு ஸ்டேஷனுக்கு வா என்பது எங்கள் கைப்பழக்கம். மனுக் கொடுத்தவள் பஸ் ஏறி வீடு போய்ச் சேரும் முன்னால் அவனுக்குத் தெரிந்துவிடும். "உங்க போன் வந்த பெறகுதான்க்கா வீட்டுல அடி விழுது" என்று ஒருநாள் சொன்னாள். குற்றமாகச் சொல்லவில்லை, டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள். அன்றிலிருந்து அவள் பக்கம் பெண்ணைப் பத்திரப்படுத்திய பிறகே என் பக்கம் போன். இதுவரை தப்பியதில்லை.

காலையில் செண்பகவல்லி ரேஷன் பையோடு வந்தாள். ரேஷன் கடைக்கு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள், வேறு எதற்கும் அந்த வீட்டில் வாசல் தாண்ட விட மாட்டார்களாம். உள்ளே போய் ஜாக்கெட்டை இறக்கி முதுகைக் காட்டினாள். புருஷன் மகாராஜன் மிக்சி கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான், மோட்டாரில் சுற்றுகிற செப்புக் கம்பி அவன் கைக்கு எப்போதும் கிடைக்கும். நான் எத்தனையோ முதுகு பார்த்தவள். ஆனாலும் வெளியே வந்து குடத்துத் தண்ணீரை இரண்டு டம்ளர் குடித்தேன். நேராக எங்களோடு வந்துவிடு என்றால், பிள்ளை மாமியார் மடியில் இருக்கிறது, விட்டுவிட்டு வர மாட்டேன் என்கிறாள். எந்தத் தாய் வருவாள்? போலீஸ் ஜீப் போனால் தெரு கூடிவிடும், கிழவி பிள்ளையை உள்ளே வைத்துப் பூட்டிக்கொள்வாள். மற்ற நாளாக இருந்தால் சேலை கட்டி ஒரு பெண் போலீசைக் கூட அனுப்புவோம், இன்றைக்கு மந்திரி வருகிறார், ஸ்டேஷனில் எழுதுகிற ஆளைத் தவிர எல்லாரும் ரோட்டில். ஆகவே ஜெசிந்தா ஒரு வழி சொன்னாள். செண்பகவல்லி அரிசியோடு வீட்டுக்குப் போக வேண்டியது, அங்கன்வாடியில் பிள்ளைக்கு எடை போட்டால்தான் சத்துமாவு தருவார்களாம் என்று சொல்லிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியது, தெருமுனை மாவு மில் பக்கத்தில் ஜெசிந்தா ஆட்டோவோடு நிற்பாள். அரிசி? காலிப் பையோடு போனால் கிழவிக்குச் சந்தேகம் வருமே என்று யோசித்தவள் நான். ரேஷன் கடைக்காரரிடம் நானே போய் நின்று, வரிசையை விலக்கி, பையை நிறைத்து வந்து கொடுத்தேன். செண்பகவல்லி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அரிசி வரைக்கும் ஓடிய மூளை இது. இதே மூளைதான், வேனில் ஏறி உட்கார்ந்ததும் எங்கே போய் மேய்ந்தது என்று தெரியவில்லை.

வேனில் முன் சீட்டில் இன்ஸ்பெக்டர் அம்மா. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் கேட்டார்கள், "முத்துப்பேச்சி, காலைல வந்த மனு, எதிர்பார்ட்டிக்குச் சொல்லியாச்சா?" நான் சொன்னேன், "சொல்லியாச்சும்மா." அவ்வளவுதான். யோசித்துச் சொன்ன பொய்கூட இல்லை. தும்மல் வந்தால் தும்முகிற மாதிரி வந்தது. இந்த வேலையில் சேர்ந்ததும் கற்றுக்கொண்ட முதல் பாடம் அது, சல்யூட் கூட அப்புறம்தான். மேலே இருப்பவர் கேட்டால் ஆச்சு என்று சொல், பிறகு ஆக்கிக்கொள். ஜீப்புக்கு டீசல் போட்டாச்சா, போட்டாச்சும்மா, பிறகு போட ஓடுவோம். "என்ன சொன்னான்?" என்று அடுத்த கேள்வி. "நாளைக்குக் காலைல வாரேன்னான்ம்மா." பேசாதவன் பதிலையும் நானே சொல்லிவிட்டேன். இல்லம்மா, அந்தப் பொண்ணு பிள்ளையோட வெளிய வரட்டும்னு இருக்கேன் என்று சொல்லியிருந்தால் தலையா போயிருக்கும்? சரி என்றிருப்பார்கள், கண்ணாடியில் பொட்டைச் சரி பண்ணிக்கொண்டிருப்பார்கள். அந்த அம்மாவுக்கு மந்திரி நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால் போதும். ஆனால் சாயங்காலம் மறுபடி கேட்டால், எப்போது பேசினாய் என்று கேட்டால் என்ன சொல்வேன்? வேன் ரயில்வே கேட்டில் நின்றது. கடைசி சீட்டில் இருந்தேன். சேலைக்காரி முந்தானைக்குள் மறைப்பதைப் போலத் தொப்பிக்குள் போனை வைத்துக்கொண்டு அவன் நம்பரைப் போட்டேன். "மகளிர் ஸ்டேஷன்லருந்து பேசுதேன். உம்ம மேல உம்ம வீட்டம்மா மனு குடுத்திருக்கா. நாளைக்குக் காலைல வாரும்." கோபப்படுவான் என்று நினைத்தேன். "சரிங்க மேடம், நாளைக்குக் காலைல வாரேன் மேடம்" என்றான். அவ்வளவு பணிவு. நான் இன்ஸ்பெக்டர் அம்மாவிடம் என்ன சொன்னேனோ அதையே எழுத்துப் பிசகாமல் சொன்னான். ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, பொய் மெய்யாகிவிட்டதே என்று. பிறகு அவன் ஒன்று கேட்டான், நான் ஒன்று சொன்னேன், வைத்துவிட்டான். கேட் திறந்தது.

அவன் ஒன்றும் செய்ய மாட்டான். செய்கிறவனாக இருந்தால் போனில் குதித்திருப்பான், ஸ்டேஷன் என்ன பெரிய ஸ்டேஷனா என்றிருப்பான், அப்படிக் கேட்கிற பயல்களை எனக்குத் தெரியும். இவன் மேடம் மேடம் என்கிறான். கடையில் வேலை கிடக்கும். நாளைக்குத்தானே, சாயங்காலம் போய்ப் பார்த்துக்கொள்வோம் என்று ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுத்திருப்பான். சாயங்காலத்துக்குள் அவள் பத்திரமான இடத்துக்குப் போயிருப்பாள். இப்படி ஒரு வழி. இன்னொரு வழியில் அதே வாய் சொல்கிறது, போனில் குதிக்கிறவன் போனோடு முடித்துக்கொள்வான் முத்துப்பேச்சி, பணிவாகப் பேசுகிறவன்தான் கடையைப் பூட்டுவான். கரும்புச்சாறுக்காரர் மிஷினைச் சுற்றுகிறார், சக்கை ஒரு பக்கம் விழுகிறது, அதையே மடித்து மறுபடி உள்ளே விடுகிறார். ஒரு மொபெட்டில் புருஷனும் பொண்டாட்டியும் பங்குக்குள் வருகிறார்கள். பெட்ரோல் போடும்வரை அவள் இறங்கி நிற்கிறாள், அவன் கைக்குட்டையை எடுத்து அவள் கையில் கொடுக்கிறான், அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு திருப்பிக் கொடுக்கிறாள். நல்லவன் போலிருக்கிறது. எப்படித் தெரியும்? மகாராஜனையும் இப்படிப் பங்கில் பார்த்திருந்தால் நல்லவன் என்றுதான் சொல்லியிருப்பேன். என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர், வாய் மட்டும்தான் நீளம், "வீட்டுக்குள்ள வந்தா தொப்பியக் கழட்டிரு தாயீ" என்று கும்பிடுவார். அடி என்பது என்ன என்று என் உடம்புக்குத் தெரியாது. அதனால்தான் இவ்வளவு லேசாக ஒரு நம்பரைப் போட முடிந்ததோ? செண்பகவல்லி என் இடத்தில் இருந்தால் அந்தப் பொய் அவள் வாயில் வந்திருக்குமா? வந்திருக்காது, எந்தச் சொல்லுக்கு என்ன விழும் என்று எண்ணி எண்ணிப் பேசி வாழ்கிறவள் அவள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளை கத்தினால் பாம்பு தவளையைத்தானே பிடிக்கும். இங்கே கத்தினது நான், பாம்பு வேறு வீட்டுக்குப் போகிறது.

ஜெசிந்தாவிடம் சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான் இதற்கு மருந்து. சிஸ்டர், நான் அவன்கிட்டச் சொல்லிட்டேன், நீங்க காத்திருக்க வேண்டாம், இப்பவே உள்ள போங்க. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொன்னால் அவள் என்ன கேட்பாள்? ஒன்றும் கேட்க மாட்டாள், அதுதான் கஷ்டம். கேட்காமல் பார்ப்பாள். அடுத்த மனு வரும்போது முதலில் என்னிடம் வராமல் வேறு ஏட்டைத் தேடிப் போவாள். பந்தோபஸ்தில் போனைத் தொட்டால் மெமோ என்று காலையில் உத்தரவு போட்டிருக்கிறார்கள். பார்த்தாயா, மெமோ நினைவுக்கு வருகிறது, தொப்பிக்குள் வைத்துப் பேசும்போது வரவில்லை. ஆட்டைப் பார்க்கிற சாக்கில் திரும்பிப் போனை எடுத்தேன். "சிஸ்டர் நான்" என்று அடித்தேன். அழித்தேன். "ஒரு தப்பு" என்று அடித்தேன். அழித்தேன். கடைசியில் "ஆச்சா?" என்று அனுப்பினேன். ஆச்சாவாம், இன்ஸ்பெக்டர் அம்மா கேட்கிற மாதிரி. உடனே பதில் வந்தது. "இல்லக்கா. உள்ள போயி ரொம்ப நேரமாச்சு. இன்னும் காணோம். கிழவி விட மாட்டேங்காளோ என்னவோ. நீங்க அவன்ட்ட எதுவும் பேசிராதீங்க." அந்தக் கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். கடவுளே கையில் கொண்டுவந்து கொடுத்த இடம். நான் என்ன அடித்தேன்? "சரி" என்று அடித்தேன். போனைப் பைக்குள் போட்டுவிட்டு நிமிர்ந்து நின்றேன், டியூட்டி பார்க்கிறவளைப் போல.

அவன் என்ன கேட்டான் என்பதை இவ்வளவு நேரமும் ஓரமாக ஒதுக்கி ஒதுக்கி வைத்துக்கொண்டிருக்கிறேன். காலில் முள் இருந்தால் அந்தக் காலை ஊன்றாமல் நடப்போமே, அப்படி. ஊன்றித்தான் ஆக வேண்டும். "மேடம், அவ இப்ப அங்கதான் இருக்காளா? பிள்ளைக்கு மருந்து குடுக்கணும், அதான் கேட்டேன்" என்றான். பிள்ளை என்றதும் எனக்கு மனசு இளகிவிட்டது. எதிர்பார்ட்டி வீட்டை நினைத்துப் பேசினால் போலீசுக்கு ஒரு நிம்மதி, இது சேர்ந்துவிடுகிற கேஸ் என்று பழைய பெஞ்சு புத்தி தலைதூக்கும். "இல்லய்யா, அவ அப்பவே கெளம்பிட்டா. வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டு இருக்கா" என்றேன். தைரியம் சொல்கிற குரலில் சொன்னேன். கவலைப்படாதே என்றும் சேர்த்துச் சொன்னேனோ? சொன்னேன். கவலைப்படாதீரும் என்று சொன்னேன். மனு வந்திருக்கிறது என்று சொன்னது கூடப் பழக்கதோஷம் என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம். இதை எந்தக் கணக்கில் எழுத? அவள் எங்கே இருக்கிறாள், எப்போது அவன் கைக்குக் கிடைப்பாள் என்று விலாசத்தோடு சொல்லிக் கொடுத்தது நான். அவள் முதுகைக் காட்டியதும் என்னிடம், கும்பிட்டதும் என்னை. பாவி, பாவி என்று சொல்லிக்கொள்கிறேன், அதிலும் ஒரு சுகம் இருக்கிறது பாருங்கள், திட்டிக்கொண்டே நின்றுகொண்டிருக்கலாம், போனை எடுக்க வேண்டியதில்லை. அடுத்த பாயிண்டில் நிற்கிற ஏட்டு சகாயம் கையைக் காட்டிக் கத்துகிறார், மந்திரியின் கான்வாய் பைபாஸ் தாண்டிவிட்டதாம். வண்டிகளை ஓரம் கட்டுகிறார்கள். ரோடு துடைத்து வைத்த மாதிரி ஆகிவிட்டது.

தொடையில் துடித்தது. ஒரு தடவை. நிற்கும் என்று பார்த்தேன், நிற்கவில்லை, துடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தேன். ஜெசிந்தா இல்லை. காலையில் தொப்பிக்குள் வைத்துப் போட்ட அதே நம்பர். "மேடம், நான் மகாராஜன் பேசுதேன். தொந்தரவுக்கு மன்னிக்கணும். எங்களுக்குள்ள பேசி முடிச்சிக்கிட்டோம் மேடம். மனுவ வாபஸ் வாங்கிக்கிடுதேங்கா. அவகிட்டயே குடுக்கேன்." பின்னால் டிவி சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தது. போன் கை மாறியது. "செண்பகம்" என்றேன், "செண்பகம், பிள்ள எங்க?" "ஆச்சிகிட்ட இருக்கா" என்றாள். குரல் மூக்கால் வந்தது. "தெரியாம எழுதிக் குடுத்துட்டேன். வாபஸ் வாங்கிக்கிடுதேன்." "உனக்கு என்ன ஆச்சு? அடிச்சானா? ஆமா இல்லன்னு மட்டும் சொல்லு." யாரிடமோ பாடம் ஒப்பிக்கிற மாதிரி இல்லாமல், முதல் முறையாக அவள் குரலிலேயே சொன்னாள், "நான் வந்துக்கிட்டு இருக்கேன்னு நீங்கதான் சொன்னீங்களாமே." லைன் போய்விட்டது.

ஜெசிந்தா முதல் மணியிலேயே எடுத்தாள். "என்னக்கா, நானே கூப்பிடணும்னு..." "சிஸ்டர், அவன் வீட்டுக்குள்ள இருக்கான். நான்தான் அவன்கிட்டச் சொன்னேன். மனுவப் பத்தியும் சொன்னேன், அவ வீட்டுக்கு வாரான்னும் சொன்னேன்." "பின்வாசல் வழியா வந்திருப்பான்" என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு கேட்டாள், "எப்பக்கா சொன்னீங்க?" "காலையில. வேன்ல வரும்போது." "காலையிலயா? அப்ப நான் உங்களுக்கு மெசேஜ் போட்டது..." அதை அவள் முடிக்கவில்லை. "இம்புட்டு நேரம் என்னக்கா பண்ணிக்கிட்டு இருந்தீங்க?" "நின்னுக்கிட்டு இருந்தேன்" என்றேன். அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "நான் போயி கதவத் தட்டுதேன். நான் மட்டும் தட்டுனாத் தொறக்க மாட்டான். நீங்க சட்டையோட வாங்க" என்று வைத்துவிட்டாள். பங்கில் பெட்ரோல் போட்டுவிட்டு நின்ற மொபெட்காரரிடம் வண்டியை வாங்கினேன், வாங்கினேன் என்பது மரியாதைக்கு, பிடுங்கினேன். ரோட்டின் குறுக்கே விட்டேன். "ஏட்டம்மா, மந்திரி வண்டி வந்துட்டு, எங்க போறீங்க?" என்று சகாயம் அலறினார். சைரன் கேட்டது. மெமோ வரட்டும், சஸ்பென்ஷன் வரட்டும், இப்போது வருகிற எதுவும் எனக்குத் தண்டனையாகத் தெரியவில்லை.

ஜெசிந்தா மூடின கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, ஒதுங்கி இடம் மட்டும் விட்டாள். லத்தியால் இரண்டு போடு போட்டேன். "மகாராஜன், போலீசு. கதவத் தொற, இல்ல ஒடைப்பேன்." டிவி நின்றது. கதவைத் திறந்தவன் குளித்து, நெற்றியில் சந்தனம் வைத்திருந்தான். "வாங்க மேடம். நாளைக்குத்தான வரச்சொன்னீங்க?" அவன் கைக்கு அடியில் குனிந்து ஜெசிந்தா உள்ளே போய்விட்டாள். நான் அவன் மேலே இடித்துக்கொண்டு நிலையை அடைத்து நின்றேன். கிழவி உள்ளே, குடும்பம்னா நாலும்தான் இருக்கும், நாங்க படாததா என்று ஆரம்பித்தாள். செண்பகவல்லி வந்தாள். இடது கையை வலது கையால் நெஞ்சோடு சேர்த்துத் தாங்கியிருந்தாள், மணிக்கட்டு வேறு யாருடையதோ என்கிற மாதிரி வீங்கியிருந்தது. கிழவி முன்னால் போய் நின்று, அந்தக் கையை விட்டுவிட்டு நல்ல கையால் பிள்ளையை இழுத்து இடுப்பில் வைத்தாள். அவனைத் தாண்டி வெளியே வந்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான், அதே பணிவோடு, அதே குரலில் கேட்டான், "எங்க கூட்டிட்டுப் போறீங்க மேடம்? பிள்ளைக்கு மருந்து குடுக்கணும்." போன முறை கேட்டது கிடைத்த இடத்தில்தானே யாரும் மறுபடி கேட்பார்கள்? இந்த முறை வாயைத் திறக்கவில்லை. பெரிய சாதனை.

ஆட்டோ மாவு மில்லிலிருந்து வாசலுக்கே வந்திருந்தது. இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு ஏற்கெனவே போனில் சொல்லியாகிவிட்டது, இந்த முறை நிஜமாகவே சொல்லியாகிவிட்டது, ஜீப் வந்து அவனை அள்ளிக்கொண்டு போகும். அதுவரை அவனைப் பார்த்துக்கொள்ள, அந்தப் பகுதியில் ரோந்து சுற்றும் பீட் போலீஸ்காரர் சைக்கிளைப் போட்டுவிட்டு வந்து வாசலில் நின்றார். முதலில் ஆஸ்பத்திரி, கைக்கு மாவுக்கட்டு, பிறகு அவளை எங்கே தங்க வைப்பது என்று ஜெசிந்தா ஏற்பாடு செய்து வைத்திருப்பாள், எந்த இடம் என்று வழக்கமாக என்னிடம் சொல்வாள், நானும் கூடவே போய் விட்டுவிட்டு வருவேன். கையைப் பிடித்துக்கொண்டு மன்னித்துவிடு தாயீ என்று சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், ஆட்டோவில் வைத்துச் சொல்லலாம், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லலாம். ஜெசிந்தா ஏறினாள், பிள்ளையை வாங்கிக்கொண்டாள். செண்பகவல்லி கையைத் தாங்கிப் பிடித்தபடி மெல்ல ஏறி உட்கார்ந்தாள். அவள் பக்கத்தில் இடம் இருந்தது. நான் ஒரு காலை உள்ளே வைத்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. ஜெசிந்தாவிடம்தான் சொன்னாள், கோபமாகக்கூட இல்லை, பிள்ளைக்கு வெயில் படுகிறது என்று சொல்கிற மாதிரி. "ஏட்டம்மா வேண்டாங்க்கா. அவ்வொ வந்தா நான் எங்க இருக்கேன்னு அவ்வொளுக்குத் தெரிஞ்சிரும்." ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். உள்ளே வைத்த காலை எடுத்துக் கீழே வைத்தேன்.